ஜாஸ் 2: சுறா பொம்மையிலும் படப்பிடிப்பு இடத்திலும் என்ன மாற்றினார்கள்?

பாய்மரம்77:
மனுஷங்களைத் தாக்குற சுறாவைப் பத்தின ஹாலிவுட் படமான முதல் ஜாஸ் (1975) எடுக்கும்போது, இயந்திரத்துல ஓடுற பொம்மைச் சுறா உப்புத் தண்ணியில மக்கர் பண்ணி, 55 நாள் படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது தெரிஞ்ச கதைதான். இரண்டாம் பாகத்துக்கு அந்த அனுபவமும் இருந்துச்சு, சுமார் 2 கோடி டாலர் பட்ஜெட்டும் இருந்துச்சு. அப்புறமும் ஏன் 1977 டிசம்பர் வரைக்கும் கடல்லயே கிடந்தாங்க? பழைய சுறாவையேதான் சரிபண்ணி இறக்கினாங்களா? கடைசியில வர்ற பாறைத் தீவு நிஜமா? அதுகிட்ட சுறா அவ்வளவு நெருங்கி வருதே, எப்படி?

பட்டறைக்காரன்:
பழைய சுறாவில் தேறியது எலும்புக்கூடு மட்டும்தான். யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் ஷெட்டுகளுக்குப் பின்னால் கிடந்து மற்றதெல்லாம் மக்கிவிட்டது. குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்ச் சட்டங்களைத்தான் மீட்க முடிந்தது. உடம்பைப் பழைய அச்சிலேயே வார்த்தார்கள். தலை முழுக்கப் புதிது, சிற்பி கிறிஸ் முல்லர் செய்தது. இயந்திர வேலை முதல் படத்தைப் போலவே பாப் மேட்டி.

புதுத் தலை ஏன் என்றால், முதல் படத்துச் சுறா வாயை மூடும்போது கன்னத்தைப் பாருங்கள், பல்லு போன தாத்தா கன்னம் மாதிரி உள்ளே குழியும். வாய் அகலத் திறக்க வேண்டுமானால் ரப்பர் தோலில் உபரி விட்டே ஆகவேண்டும். மூடும்போது அந்த உபரி எங்காவது மடங்கத்தான் செய்யும், மடங்கியது கன்னத்தில். அந்தக் குழிவு தெரியாமல் மறைக்கிற மாதிரி தாடை இயக்கத்தையே இரண்டாம் பாகத்தில் மாற்றினார்கள். சுறாவை அதிகம் காட்டப்போகும் படத்துக்கு இது மிக அவசியமான வேலை. அது தண்ணீரை விட்டு முதல்முறை எழும் அதிர்ச்சியை இன்னொரு தடவை உண்டாக்க முடியாது, எனவே ஒளித்து வைப்பதில் பயனில்லை என்று இயக்குநர் ஜானோ ஸ்வார்க் முடிவெடுத்திருந்தார்.

ஒரே சுறாவை வைத்து எல்லா ஷாட்டும் எடுக்கவில்லை. கடல் தரையில் இறக்கிய மேடையில் பொருத்திய சுறா ஒன்று. படகு கட்டி இழுக்க முழுச் சுறா ஒன்று, வெறும் துடுப்பு ஒன்று. இவற்றால் முடியாத நீச்சல் அசைவுகளுக்கு, ஆஸ்திரேலியாவின் ரான், வலேரி டெய்லர் தம்பதி எடுத்த நிஜச் சுறாக் காட்சிகள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கதைப்படி சுறாவின் முகத்தில் தீக்காயத் தழும்பு இருக்கிறது, நிஜச் சுறாவுக்கு அது கிடையாது. வெட்டி ஒட்டும்போது முகம் தெளிவாகத் தெரியாத துண்டுகளாகப் பொறுக்க வேண்டியிருக்கும்.

நெடுங்கரை:
தீவு நிஜமில்லைங்க. மிதக்கிற பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) மேல ஃபைபர்கிளாஸ் பாறைகளைப் பொருத்தினது. காரணம் ஆழம்தான். நிஜத் தீவுன்னா கரையை நெருங்க நெருங்கக் கடல் தரை சரிவா மேலேறும், சுறா மேடையை அங்க இறக்கவே முடியாது. பார்ஜுக்கு அடியில அந்தச் சரிவு இல்ல, சுறாவைப் பாறை விளிம்பு வரைக்கும் கொண்டுபோகலாம். ஆனா மிதக்கிற தீவு மிதக்கத்தானே செய்யும்? ஒரு தடவை அது கியூபா பக்கமாவே நகர ஆரம்பிச்சிருச்சு.

படப்பிடிப்பு முதல்ல அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் கரைக்குப் பக்கத்துல இருக்கிற மார்த்தாஸ் வின்யார்டு தீவுலதான் தொடங்குச்சு. சில வாரத்துல இயக்குநர் ஜான் ஹான்காக்கை எடுத்துட்டு ஸ்வார்க்கைக் கொண்டுவந்தாங்க. கார்ல் காட்லீப் திரைக்கதையைத் திருத்தி எழுதிட்டிருந்தார், யூனிட்டைச் சும்மா உட்கார வைக்க முடியாது. அதனால கலை இயக்குநர் ஜோ ஆல்வ்ஸ் யோசனைப்படி வாட்டர் ஸ்கீயிங் (படகு இழுக்க, தண்ணி மேல சறுக்குறது) காட்சியை முதல்ல எடுத்தாங்க.

கடல் காட்சிகளுக்கு ஃப்ளோரிடாவுல நவார் பீச், ஆகஸ்ட் 1-லிருந்து டிசம்பர் 22 வரைக்கும். வெதுவெதுப்பான தண்ணி, மேடைக்குத் தோதான ஆழம். நாள் தின்னது கதையில பிள்ளைங்க போற பாய்மரப் படகுங்கதான். படகு ஒவ்வொண்ணையும் நங்கூரம் போட்டு, கேமராவுக்கு ஏத்த மாதிரி வரிசைப்படுத்த மணிக்கணக்காகும். முடிச்சு டேக் போகும்போது காத்து திசை மாறும், பாயெல்லாம் எதிர்ப்பக்கம் உப்பும். முன்னாடி எடுத்த ஷாட்டோட ஒட்டாது. மறுபடி எல்லா நங்கூரத்தையும் தூக்கணும்.

பாய்மரம்77:
நன்றி ரெண்டு பேருக்கும். ஸ்டுடியோ தொட்டியில எடுத்திருந்தா இந்தக் காத்துத் தொல்லை இருந்திருக்காதே?

பட்டறைக்காரன்:
தொட்டியில் அடிவானம் கிடைக்காது, தம்பி. இந்தப் படத்தின் பயமே நாலு பக்கமும் கரை தெரியாத தண்ணீரில் பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொள்வதுதான். அகல ஷாட் வேண்டுமென்றால் கடலுக்குத்தான் போகவேண்டும், போனால் உப்பும் கூடவே வரும். இரண்டாம் பாகத்திலும் சுறாவின் உலோக பாகங்களை உப்பு அரித்தது. வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி கடல்நீரில் கிடந்தால் அதுவே ஒரு பேட்டரி. வீரியம் கூடிய உலோகம் கரைந்துபோகும். நாளின் முடிவில் நல்ல தண்ணீரில் அலசி, கிரீஸ் போட்டால்கூட அரிப்பைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

நெடுங்கரை:
தொடர்ச்சி பத்தி ஒண்ணு விட்டுட்டேன். கதை நடக்குறது கோடையில, கடைசி நாட்கள் எடுத்தது கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. குளிர்ல பேசினா வாயிலிருந்து புகை வருது. நடிகர்கள் ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கிட்டுத்தான் டேக் போனாங்க. வாய்க்குள்ள இருக்கிற காத்து வெளிக்காத்து அளவுக்குக் குளிர்ந்துட்டா ஆவி தெரியாது. ஆனா ஐஸைத் துப்பினதும் வாய் மறுபடி சூடாகிடும், அதனால வசனத்தைச் சட்டுன்னு பேசி முடிச்சாகணும்.