கூரைப் பனி சறுக்கிப் புகைக்கூட்டை அடித்ததைக் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

உவர்மலைக்காரன்:
நோர்வேயில் வேலை செய்த காலத்துக் கதை. முதலாளியின் மலைக் குடில், செங்குத்தான தகரக் கூரை, அடுப்புக் குழாய் வெளியே வருவது கூரை ஓரத்து மழைநீர்ப் பீலிக்குக் கொஞ்சம் மேலே. அது கூடாத இடம், மேலே உள்ள பனி முழுக்கச் சறுக்கி வந்து மோதுவது அங்கேதான். மார்ச் மாதம், நல்ல வெயில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். மேலே ஏதோ இழுபடுகிற சத்தம், அப்புறம் குடிலே ஒருக்கால் குலுங்கியது, ஜன்னல் இருண்டு திரும்ப வெளித்தது. பார்த்தால் அடுப்புக்கு மேலே குழாயின் மூட்டு ஒரு விரல் அகலத்துக்கு விலகிப் புகை எங்கள் பக்கம் வருகிறது. முதலாளி ஒன்றும் பேசவில்லை. தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே பனியில் எறிந்தார். கட்டை பனிக்குள் விழுந்து ‘ஸ்ஸ்’ என்று அணைந்த சத்தம் இப்பவும் காதில் நிற்குது.

சல்லிக்கரை:
அண்ணா, எனக்கும் அப்படித்தான், கனடாவில் மச்சானின் குடில். காலையில் எழும்பினால் குழாய் முற்றத்தில் கிடக்குது, அவ்வளவுதான் கதை. ஆனால் அதைக் குழாயின் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். புதுப் பனி ஒரு கன மீட்டர் 100 கிலோகூட வராது, நாட்கணக்கில் கிடந்து இறுகினால் 300 கிலோவரை போகும். அடியில் இலேசாக உருகினால் தகரத்தில் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, முழுக் கூரையின் பனியும் ஒன்றாக இறங்கும். கீழே போகப் போக வேகமும் பாரமும் கூடும், அதனால் புகைக்கூடு முகட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே கீழே வைத்தாச்சு என்றால் அதற்கு மேல்பக்கமாகக் கப்பலின் முன்முனை மாதிரி இரும்பில் ஒரு பிளப்பான் போட்டுக் கூரை மரத்தோடு சேர்த்து இறுக்குங்கள், வெறும் தகரத்தில் அல்ல. பனி இரண்டாகப் பிரிந்து போய்விடும். உயரத்தைக் குறைத்துத் தப்பலாம் என்றும் பார்க்காதீர்கள்: கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து 3 அடியாவது மேலே நிற்க வேண்டும், 10 அடிக்குள் உள்ள எதையும் விட 2 அடி கூட இருக்க வேண்டும் என்பது அங்கத்தைய கணக்கு. 5 அடிக்கு மேல் போனால் முண்டும் கொடுக்க வேணும்.

பேக்கரி வீட்டுப் பிள்ளை:
திருகோணமலையில் பனி எங்கே என்று சிரிக்காதீர்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் நடுவில் கரையேறியபோது எங்கள் பாண் சுடும் போறணையின் புகைக்கூட்டை அடித்தது பக்கத்து வளவுத் தென்னை மட்டை. முகட்டில் விழுந்து, நனைந்த தகரத்தில் சறுக்கி, நேரே வந்து மோதி, புகைக்கூட்டைச் சுற்றி அடித்திருந்த தகட்டைக் கிளப்பிவிட்டது. உடனே தண்ணீர் சுவரோடு இறங்கி, பிசைந்து வைத்த மாவுத் தொட்டிக்குள் கரித்தண்ணியாகச் சொட்டியது. அப்பா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மாவையே பார்த்தபடி நின்றார். கூரையை அண்ணாந்தும் பார்க்கவில்லை.

குளிர்நாடன்:
சல்லிக்கரை சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். பிளப்பான் புகைக்கூட்டைத்தான் காக்கும், பிரிந்து போகிற பனி கீழே யார் தலையில் விழும்? நோர்வேயில் பனிமறிப்பு என்று கூரை நீளத்துக்கே கம்பி வரிசை போடுவார்கள், ஆட்கள் நடக்கிற பக்கம் அதுதான் முதல் வேலை.

சல்லிக்கரை:
போடலாம் தம்பி, கூரை தாங்குமா என்று முதலில் பாருங்கள். மறித்தால் அத்தனை பாரமும் மேலேயே நிற்கும். புகைக்கூட்டுக்கு முன்னால் மட்டும் நாலு கம்பி அடித்தால் கம்பியையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். பேக்கரிப் பிள்ளை, நீங்கள் புகைக்கூட்டின் மேல்பக்கத்தில் சின்ன முக்கோணக் கூரை ஒன்று அடியுங்கள், மழைத்தண்ணியும் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். தகட்டின் மேல் விளிம்பு முகட்டுப் பக்கத் தகரத்துக்கு அடியில் போக வேண்டும், மேலே அல்ல.

உவர்மலைக்காரன்:
மூட்டு விலகினால் கூரையைச் சரிபார்ப்பதற்கு முன்னம் நெருப்பை எடுங்கள், அதையும் மறக்க வேண்டாம். புகையாவது கண்ணுக்குத் தெரியும், அதோடு வருகிற கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

பேக்கரி வீட்டுப் பிள்ளை:
முக்கோணக் கூரை போட்டாச்சு அண்ணா, மழைக்கு நல்லாத்தான் இருக்கு. இப்ப குரங்குகள் அதில் ஏறியிருந்துதான் குளிர் காயுது, ஒரு பக்கத் தகடு ஏற்கெனவே நெளிஞ்சு போச்சு. அதற்கு ஏதும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.