குழந்தைய எடுக்கவும் தினமும் கூட எடுத்துட்டுப் போகவும் எந்த கேமரா நல்லது?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா போன்லயே ஓட்டிட்டேன், இப்ப தனியா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாம்னு இருக்கேன். பொண்ணுக்கு ரெண்டு வயசு, ஒரு இடத்துல நிக்க மாட்டா, சாயங்காலம் வீட்டுக்குள்ள லைட் போட்டு எடுத்தா சோபா, சுவர் எல்லாம் பளிச்னு இருக்கு, அவ முகம் மட்டும் கலங்கிப் போய் வருது. 20 மெகாபிக்சல், 40எக்ஸ் ஜூம்னு ஒண்ணு பாத்தேன், பட்ஜெட்டுக்குள்ள வருது. எடுத்துடலாமா? இல்ல லென்ஸ் மாத்துற டைப் போகணுமா? பைக்குள்ள அடங்கணும், அது முக்கியம்.

பதில் 1:
ப்ரோ அந்த ஜூம் கேமரா வேணாம். அவ்ளோ ஜூமை சின்ன பாடிக்குள்ள அடக்கணும்னா சென்சார (வெளிச்சத்த படமா மாத்துற சில்லு) பொடிசா வெச்சாதான் முடியும், அதுல எல்லாம் பெரும்பாலும் 1/2.3 இன்ச் சென்சார்தான் இருக்கும், அதாவது சுமாரா 6 மி.மீ அகலம், லென்ஸ் மாத்துற கேமராக்கள்ல நிறைய வர்ற ஏபிஎஸ்-சி சென்சார்னா 23 மி.மீ கிட்ட வரும், பரப்புன்னு பாத்தா பத்து மடங்குக்கு மேல, வீட்டுக்குள்ள வித்தியாசம் கண்ணுக்கு நல்லாவே தெரியும். மெகாபிக்சல் பத்தி கவலையே படாதீங்க, 12 மெகாபிக்சல் இருந்தாலே ஏ4 சைஸ் பிரிண்ட் நல்லா வரும்.

பதில் 2:
தம்பி, சுவர் பளிச்னு இருந்து குழந்தை மட்டும் கலங்குதுன்னா ஷட்டர் ஸ்பீடு பத்தலன்னு அர்த்தம், அதாவது ஒரு படம் பதிய கேமரா எடுத்துக்கற நேரம் ரொம்ப நீளம். ஸ்டெபிலைசேஷன் நம்ம கை ஆடுறதத்தான் சரி பண்ணும், குழந்தை ஓடுறத அது ஒண்ணும் பண்ணாது. ஓடுற குழந்தைக்கு 1/250 செகண்டாவது வேணும், அதுக்கு வெளிச்சம் நிறைய உள்ள வரணும்.

அதனால பாடிய விட லென்ஸ்தான் முக்கியம்னு நான் சொல்லுவேன். மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாத்துற கேமரா) வாங்குறவங்க நிறைய பேர் கூட வர்ற கிட் லென்ஸோட நிறுத்திக்கறாங்க, அத ஜூம் பண்ணா எஃப் 5.6, 6.3ன்னு போயிடும், எஃப் நம்பர் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் கம்மி. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஒண்ணு போட்டீங்கன்னா 5.6 ஓட ஒப்பிட்டா ஒன்பது மடங்குக்கு மேல வெளிச்சம் வரும், ஜூம் இருக்காது, நீங்கதான் கிட்ட போகணும், குழந்தைய எடுக்க அதுவே நல்லது. ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கேமராவே சென்சிட்டிவிட்டிய ஏத்தி இறக்குறது) மெனுல மினிமம் ஷட்டர் ஸ்பீடுன்னு இருந்தா அங்க 1/250 வெச்சுடுங்க. கொஞ்சம் நாய்ஸ் (படத்துல பொடிப் பொடியா வர்ற புள்ளிங்க) வந்தா வரட்டும், கலங்கின முகத்த எந்த சாஃப்ட்வேர்லயும் முழுசா மீட்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, இப்பதான் புரியுது. பிரைம்னா 35 எம்எம் எடுக்கலாமா, ரூம் சின்னது.

பதில் 2:
ஏபிஎஸ்-சில 35 போட்டா, பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல 50 எம்எம் காட்டுற குறுகலான பார்வைதான் கிட்டத்தட்ட வரும், சின்ன ரூம்ல இடிக்கும். உங்க போன்ல மெயின் கேமராவ 2எக்ஸ்ல வெச்சு வீட்டுக்குள்ள சுத்திப் பாருங்க, ஏறக்குறைய அதுதான் 35. ஒன்றரை எக்ஸ் வசதியா இருந்தா 23 இல்லன்னா 24 எம்எம் பாருங்க. காசு செலவில்லாம முடிவு பண்ணிடலாம்.

பதில் 3:
பைக்குள்ள அடங்கணும்னு சொன்னத யாரும் கண்டுக்கல. ரிக்கோ ஜிஆர் 3 பாருங்க, ஏபிஎஸ்-சி சென்சார், பேட்டரி கார்டோட 257 கிராம்தான், சட்டைப் பாக்கெட்லயே போகும். ஆனா எஃப் 2.8தான், ஃபிளாஷும் கிடையாது, ராத்திரி வீட்டுக்குள்ளதான் முக்கியம்னா அக்கா சொன்ன வழிதான் சரி. அப்படி லென்ஸ் மாத்துற கேமரா எடுத்தா கையில புடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, கனமா இருந்தா அலமாரிலயே தூங்கும். செகண்ட் ஹேண்டுன்னா லென்ஸ் வழியா டார்ச் அடிச்சு ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கான்னு பாருங்க, எஃப் 16ல வெள்ளச் சுவர ஒரு படம் எடுத்தா சென்சார்ல தூசி இருந்தா புள்ளி புள்ளியா காட்டிக் குடுத்துடும்.