பழைய வண்டிக்குக் குரோம்: சேலத்தில் நல்ல பட்டறை தேடிய அனுபவங்கள்

அம்மாபேட்டை யெஸ்டி:

மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடியபிறகு, அங்கே தயாரான யெஸ்டி மோட்டார் சைக்கிளுக்கு ஒரிஜினல் சாமான் என்றால் ஏற்கெனவே யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடப்பதுதான். புதிதாகக் கிடைக்கிற மட்கார்டும் சைலன்சரும் தகடு மெலிசு, வளைவும் சரியாக உட்காருவதில்லை. அதனால் துருப்பிடித்த பழசையே தேற்றிக் குரோம் போடுவதுதான் என் வழக்கம். சேலத்தில் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று பலரும் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஊரில் குரோம் போடுகிற இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் நாற்காலிக் கால், கடை ரேக், லாரிக்கு அலங்காரச் சாமான் என்று மொத்த வேலை. அவர்களுக்கு நம் மட்கார்டும் இன்னொரு இரும்புத் துண்டுதான். ஓரிடத்தில் "நாளைக்கே வந்து வாங்கிக்கங்ண்ணா" என்றார்கள். சொன்னபடி கொடுத்தார்கள், பளபளவென்றுதான் இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் விளிம்பில் கொப்புளம் கிளம்பிவிட்டது. நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது, அடியில் நேராக இரும்பு.

இதில் பலருக்கும் தெரியாத சங்கதி, துருவைத் தடுப்பது குரோம் இல்லை. மேலே தெரிகிற குரோம் படலம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட வராது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். ஈரத்தை நிறுத்துவது அதற்கு அடியில் இருக்கிற நிக்கல். மழை வெயிலில் ஓடுகிற வண்டிக்கு நிக்கல் 20 முதல் 30 மைக்ரான் வரை வேண்டும். முலாம் கரைசல் தொட்டியில் முக்கி, சரியான கரண்டில் வைத்தாலும் அந்தக் கனம் ஏற அரை மணி நேரம் பிடிக்கும். குரோம் தொட்டியில் சில நிமிடம் போதும். எனவே பட்டறையில் நான் முதலில் கேட்பது, "நிக்கல்ல எவ்வளவு நேரம் விடுவீங்க?" அதற்கே முகம் சுளிப்பவரிடம் பொருளைக் கொடுப்பதில்லை.

எனக்கு வழி காட்டியது கொலுசுக்காரர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் பாலிஷ் போடுகிற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "தொட்டி எவன் வேணா வெச்சிருப்பான் சாமி, பஃப் அடிக்கிற கை யாருகிட்ட இருக்குன்னு பாருங்க" என்றார். பஃப் அடிப்பது என்றால், சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவது. அவர் சொன்ன ஆள் கொண்டலாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஷெட். பெயர்ப் பலகைகூடக் கிடையாது.

அந்த அண்ணன் விலையே பேசவில்லை. மட்கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார். "இது ஒரிஜினலுங்களா?" என்றார். கொண்டுபோனதில் இரண்டு சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். துரு தகட்டைத் தின்றுவிட்டதாம், பஃப் அடித்தால் ஓட்டை விழுமாம். பெட்ரோல் டேங்கைக் கழுவிக் காயவைத்து, வாசனையே இல்லாமல் கொண்டுவந்தால்தான் ஷெட்டுக்குள் விடுவேன் என்றார். அதன் வாயையும், பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக் ஓட்டையையும் அடைத்த பிறகுதான் தொட்டியில் இறக்கினார். உள்ளே ஆசிட் போனால் வெளியே எவ்வளவு மின்னினாலும் டேங்க் உள்ளிருந்தே அரித்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பஃப் அடித்து முடித்ததும், தொட்டிக்குப் போவதற்கு முன்னால் போன் போட்டு வரச் சொன்னார். "இப்பவே பாத்துக்கங்க. இதுல இருக்கற கோடெல்லாம் குரோம்லயும் தெரியும்." சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேடுபள்ளத்தை நிரவிவிடும் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் கொடுக்கிறோம். குரோம் எதையும் மறைக்காது, இருப்பதைப் பெரிதாக்கித்தான் காட்டும். நிரவுகிற வேலையைச் செம்பு செய்கிறது. கனமாகச் செம்பு ஏற்றி, மறுபடி பஃப் அடித்து, பள்ளம் மறைகிற வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். காசு போவதெல்லாம் இங்கேதான், அது நியாயமும்கூட.

அளவுக்கு மேல் பஃப் அடிப்பவரும் ஆபத்துதான். விளிம்பு மழுங்கும், திருகு ஓட்டை முட்டை வடிவமாகும், அச்செழுத்து அழிந்து போகும். அவர் ஏற்கெனவே செய்துவைத்த சாமானில் ஓட்டைகளைப் பாருங்கள், கை எப்படி என்று தெரிந்துவிடும்.

நாகலூர் எஸ்டேட்:

அண்ணே, அருமையான பதிவு. மேலே ஏற்காட்டில் எங்கள் நிலைமை இன்னும் மோசம். பனி, மழை, காப்பித் தோட்டத்து ஈரம் எல்லாம் சேர்ந்து கீழே நாலு வருஷம் தாங்குகிற குரோம் இங்கே பாதிகூடத் தாங்காது. தாத்தா காலத்து அம்பாசடர் ஒன்று ஷெட்டில் நிற்கிறது. அதன் கதவுக் கைப்பிடிகளில் புள்ளி புள்ளியாகப் பொங்கியிருந்தது. கைப்பிடி இரும்பு இல்லை, துத்தநாக வார்ப்பு. காந்தம் ஒட்டாது, அரத்தால் லேசாகத் தேய்த்தால் சாம்பல் நிறம். இது தெரியாத ஒரு பட்டறையில், பழைய குரோமை எடுப்பதற்காக இரும்போடு இரும்பாக ஆசிட்டில் போட்டு மறந்துவிட்டார்கள். திரும்பி வந்தது பூச்சி அரித்த எலும்பு.

மிச்சம் இருந்ததை வேறு ஓரிடத்தில் காட்டினேன். "துத்தநாகம் நமக்குப் பழக்கமில்லீங்க, கோயமுத்தூர் போயிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆளிடம்தான் பிறகு இரும்புச் சாமான் எல்லாம் கொடுத்தேன்! தெரியாததைத் தெரியாது என்கிறவர் கிடைப்பது அபூர்வம். கோவையில் புள்ளிகளைத் தோண்டிச் சுத்தம் செய்து, முதலில் சயனைடு செம்புத் தொட்டியில் போட்டார்கள். நேராக ஆசிட் செம்பில் போட்டால் துத்தநாகமே கரைய ஆரம்பிக்கும் என்று விளக்கினார்கள்.

பம்பருக்குப் போகிறவர்கள் தொட்டியின் நீளத்தை அளந்துவிட்டுப் போங்கள். பாதி பாதியாக முக்கினால் நடுவில் கோடு தெரியும். டிங்கர் வேலையும் முன்னாடியே முடிந்திருக்க வேண்டும்.

குகை மெக்கானிக்:

கைப்பிடி போனது வயிற்றெரிச்சல்தான். என் பங்குக்கு ஒன்று: ஸ்போக்ஸ், ஸ்பிரிங், பிரேக் சம்பந்தப்பட்ட போல்ட் எதையும் அழகுக்காகக் குரோம் போடாதீர்கள். ஆசிட்டிலும் தொட்டியிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, கெட்டியான எஃகை நொறுங்க வைத்துவிடும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி பக்கத்தில் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். அந்த அடுப்பு உள்ள பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்போக்ஸ் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய சைக்கிள் பைத்தியம்:

நான் வேறு கட்சி. 1920-களின் பிற்பாதியில்தான் குரோம் கடைவீதிக்கு வந்தது. அதற்கு முந்தைய சைக்கிள், விளக்கு எல்லாம் நிக்கல்தான். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், குரோமில் நீலம் அடிக்கும். என் பழைய கார்பைடு விளக்கை நிக்கலோடு நிறுத்தச் சொன்னேன். பட்டறைக்காரர், "பாதி வேலையிலயே எடுத்துட்டுப் போறீங்களே, பாத்தவங்க என்னைத்தான திட்டுவாங்க" என்று புலம்பிக்கொண்டேதான் கொடுத்தார். அடிக்கடி துடைக்காவிட்டால் மங்கும், பரவாயில்லை.

சூரமங்கலம் தம்பி:

அண்ணன்களே, எங்க அப்பா இந்தத் தொழிலில் இருந்தவர். ரேட் ஜாஸ்தி என்று பேரம் பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குரோம் தொட்டியில் இருப்பது குரோமிக் ஆசிட். கரண்ட் பாயும்போது அதிலிருந்து கிளம்புகிற புகைமூட்டம் மூக்கின் நடுச்சுவரையே ஓட்டை போடும். அப்பாவோடு வேலை செய்தவர்களில் அப்படி ஆனவர்கள் உண்டு. புற்றுநோய் வரவழைக்கிற சரக்கு அது. கழிவுநீர் மஞ்சளாக இருக்கும். அதைச் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை மலையாக விட்டுப்போன குரோமியக் கழிவே பாடம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வாங்கி, நீரைச் சுத்தம் செய்து, புகையை இழுக்கிற மின்விசிறி போட்டு நடத்துகிறவர் ரேட் கூடத்தான் சொல்வார். பக்கத்துச் சாக்கடை மஞ்சளாக ஓடுகிற பட்டறையில் மலிவாகக் கிடைத்தாலும் நான் கொடுக்க மாட்டேன். வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுச் சொல்கிறேன், வேண்டாம்.

அம்மாபேட்டை யெஸ்டி:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் கொடுக்கிற அண்ணனும் இப்போது குரோம் தொட்டியை எடுத்துவிட்டார். பஃப், செம்பு, நிக்கல் வரை அவர் கையில். கடைசிக் குரோம் மட்டும் வாரிய அனுமதி உள்ள வேறு இடத்துக்கு அனுப்பி வாங்குகிறார். அதனால் நாள் கொஞ்சம் கூடும், அவசரக்காரர்கள் போக வேண்டாம்.

முகவரியைத் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன். போகும்போது சின்னத் திருகு, வாஷர் எல்லாவற்றையும் செம்புக் கம்பியில் கோத்து, எண்ணி, போட்டோ எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் விழுந்த யெஸ்டி திருகுக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.