மூன்று மஸ்கடியர்கள்: டார்டன்யானுக்கு ஆள் தேடுவதா, அதோஸிலிருந்து ஆரம்பிப்பதா?

பக்கத்து சீட்:
பிரெஞ்சு எழுத்தாளர் துமாவின் மஸ்கடியர் (அரசரின் காவல்படை வீரர்) கதையை இன்றைக்குப் புதிதாகப் படமெடுத்தால் நடிகர் தேர்வை எங்கிருந்து தொடங்கணும்? எல்லார் போடும் பட்டியலும் "டார்டன்யான் யார்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. மஸ்கடியராகச் சேர ஊரிலிருந்து வரும் நாயகன் அவன்; நாவல் 1625 ஏப்ரலில் தொடங்கும்போது அவனுக்கு 18. படங்கள் வெளியான சமயத்தில் நடிகர்களின் வயதைப் பாருங்கள்: 1921இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் 38, 1948இல் ஜீன் கெல்லி 36, 1973இல் மைக்கேல் யார்க் 31, 2023 பிரெஞ்சுப் படத்தில் ஃபிரான்சுவா சிவில் 33. 2011இல் லோகன் லெர்மன் மட்டும் 19. ஆனால் எனக்கு மனதில் நிற்பது யார்க்தான், லெர்மன் இல்லை. அப்போ வயது ஒரு பொருட்டே இல்லையா? கூடவே இன்னொன்று: வாள் சுழற்றத் தெரிந்தவரைப் பிடித்து நடிக்க வைப்பதா, நடிக்கத் தெரிந்தவருக்கு வாள் சொல்லிக்கொடுப்பதா?

பழைய ரீல்:
வயது முக்கியம்தான். ஆனால் ஒருத்தருடைய வயதைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கணும். ஊரிலிருந்து வந்திறங்கிய பையன் ஒரே நாளில் அந்த மூன்று மஸ்கடியர்களோடும், அதாவது அதோஸோடு 12 மணிக்கு, போர்த்தோஸோடு 1 மணிக்கு, அராமிஸோடு 2 மணிக்கு என்று மூன்று சண்டைக்கு நேரம் குறித்துக்கொள்கிறான். பையனாக இருந்தால் சிரிப்பு வரும். நடுவயசு ஆள் இதையே செய்தால் வம்புக்கு அலைகிறவன் என்றுதான் தோன்றும். 1948 படத்தில் ஒரு வேடிக்கை உண்டு: மஸ்கடியர்களுக்கு எதிரியான கார்டினல் ரிஷ்லியூவாக வந்த வின்சென்ட் பிரைஸுக்கு 37, கெல்லிக்கு 36! நாவல் ரிஷ்லியூவுக்குச் சொல்கிற வயதும் முப்பத்தாறு, முப்பத்தேழுதான், பிரைஸ் கச்சிதம். பிசகியது எதிர்ப்பக்கம். கெல்லி தப்பித்தது நடனக்காரரின் காலால். மாடிப்படியில் அவர் தாவும்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்?

எங்கிருந்து தொடங்குவது என்றால், என் கணக்கில் அதோஸும், அவன் ஒருகாலத்தில் கல்யாணம் செய்த, இப்போது கார்டினலுக்கு வேலை செய்கிற மிலேடியும்தான் முதலில், அதுவும் ஜோடியாக. அதோஸ் தன் கதையை யாரோ நண்பன் கதைபோலச் சொல்வான்: 25 வயதுப் பிரபு, 16 வயதுப் பெண், கல்யாணம், அவள் தோளில் குற்றவாளிக்குப் போடும் லில்லிப்பூச் சூடு, கடைசியில் மரத்தில் தூக்கு. ஒன்பது வருட வித்தியாசம். அது திரையில் தெரிந்தால்தான் அவன் குடிப்பதற்கு அர்த்தம் வரும். 1973இல் ஆலிவர் ரீடுக்கும் ஃபே டன்அவேக்கும் மூன்றே வருடம். சமவயதுக்காரர்கள் என்பதால் அது ஏமாந்த இளைஞனின் கதையாக இல்லாமல் இரண்டு புலிகளின் பகையாக மாறியது. தப்பில்லை, ஆனால் வேறு கதை. 2023இல் வின்சென்ட் கசேலுக்கும் ஈவா கிரீனுக்கும் சுமார் 14 வருடம். அதுவும் வேறு கதைதான்.

ஆடிஷனுக்குச் சிவப்புப் புறாக்கூடு சத்திரக் காட்சியைக் கொடுங்கள். செத்துப்போனான் என்று அவள் நினைத்திருந்த கணவன் கதவைச் சாத்திவிட்டு நிற்கிறான். கைத்துப்பாக்கியை நெற்றிக்கு நேரே நீட்டி, கார்டினல் எழுதிக்கொடுத்த காகிதத்தைக் கேட்கிறான். வாள்வீச்சு கிடையாது. ஒருவர் குரலை உயர்த்தினாலும் காட்சி விழுந்துவிடும். இதில் தேறாத ஜோடியை எந்தச் சண்டைக் காட்சியாலும் ஒப்பேற்ற முடியாது.

வாள்முனை:
இரண்டாவது கேள்விக்கு. நடிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும், அதிலும் நடனம் தெரிந்தவர் என்றால் பாதி வேலை முடிந்தது. போட்டி ஃபென்சிங் ஆடுபவர்களிடம் ஒரு சிக்கல்: அவர்கள் அசைவு மணிக்கட்டோடு முடிந்துவிடும், எதிராளிக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. கேமராவுக்குத் தோளிலிருந்து வரும் பெரிய வீச்சு வேண்டும். அந்தப் பழக்கத்தை மறக்க வைப்பது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

ஒருவர் தேறுவாரா என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். எட்டு அசைவு கொண்ட ஒரு வரிசையை இருபது நிமிஷம் சொல்லிக்கொடுங்கள். ஒரு மணி நேரம் வேறு வேலை. திரும்ப வரச்சொல்லி, பாதி வேகத்தில், வசனத்தோடு செய்யச் சொல்லுங்கள். வரிசை மறந்தால் பரவாயில்லை, ரிகர்சலில் வரும். வசனம் வந்ததும் கண் எதிராளியை விட்டு விலகினால் அதுதான் ஆபத்து. மூச்சு வாங்கி வாக்கியம் உடைந்தால், ஓடும் சண்டையில் பேசும் காட்சிகளை அவருக்குக் குறைத்து எழுதணும்.

விபத்து பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று, இடைவெளி. கையை முழுக்க நீட்டினாலும் முனை எதிராளி நெஞ்சுக்கு ஒரு சாண் முன்பே நிற்கணும். பதற்றத்தில் அரையடி முன்னே வைத்தால் போச்சு. இன்னொன்று, "ஆக்‌ஷன்" என்றதும் ஏறும் வேகம். முக்கால் வேகத்தில் பழகியதை டேக்கில் முழு வேகத்தில் வீசுவார்கள். 1973 படத்தின் காற்றாலைச் சண்டையில் ரீடுக்குக் கழுத்தில் குத்துப்பட்டது. அத்தனைக்கும் ஸ்டண்ட் மாஸ்டர் வில்லியம் ஹாப்ஸ், சாதாரண ஆள் இல்லை. எடை குறையட்டும் என்று அலுமினியக் கத்தி கொடுத்தால், மோதிய இடமெல்லாம் பிசிறு எழும்பும். தினமும் அரம் போட்டுத் தேய்க்காவிட்டால் கை கிழியும்.

இன்னொன்று: நல்ல வாள்காரரைக் கண்டுபிடித்தால் ஹீரோவாக்காதீர்கள், கார்டினலின் ஆளான ரோஷ்ஃபோர் வேடத்தைக் கொடுங்கள். சண்டையை ஓட்டுவது வில்லன்தான். அவர் நிதானமாக இருந்தால் ஹீரோ எவ்வளவு தடுமாறினாலும் திரையில் துடிப்பாகத் தெரியும். பழைய ஹாலிவுட் வாள்சண்டைப் படங்களில் ஹீரோ எரோல் ஃப்ளின்னோடு மோதிய வில்லன் பேசில் ராத்போன் அப்படி. ஜெயித்தது ஃப்ளின், வாள் தெரிந்தவர் ராத்போன்.

தொப்பி நிழல்:
போர்த்தோஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. குண்டான காமெடியனைப் போட்டு முடித்துவிடுவார்கள். அவன் குண்டன் இல்லை, ஆகிருதி! சிரிப்பு அவன் பகட்டில் இருக்கிறது. வாள் தொங்கும் தோள்வாரில் முன்பக்கம் மட்டும் தங்க வேலைப்பாடு, பின்பக்கம் வெறும் எருமைத் தோல், அதை மறைக்க மேலங்கி. மாட்டிக்கொண்ட பிறகும் தலை நிமிர்ந்து நடக்கத் தெரிந்தவர் வேண்டும்.

லுக் டெஸ்ட் தொப்பியோடு எடுங்கள். அகல விளிம்பு நிழல் கண்ணை விழுங்கிவிடும். நாலு பேரையும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். வெறும் உருவத்தை வைத்து யார் யார் என்று சொல்ல முடியாவிட்டால், கூட்டச் சண்டையில் பார்ப்பவர் தொலைந்துபோவார்.

பக்கத்து சீட்:
அதோஸ்–மிலேடி யோசனை பிடித்திருக்கிறது. இரண்டு பாகமாக எடுப்பதென்றால் தேர்வில் ஏதாவது மாறுமா?

பழைய ரீல்:
ஒப்பந்தம் மாறும். 1973இல் ஒரே படம் என்று கால்ஷீட் வாங்கி, எடுத்ததை இரண்டாக வெட்டி வெளியிட்டார்கள். நடிகர்கள் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் எத்தனை படம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதும் விதி வந்தது. தயாரிப்பாளர் பெயரில் அதைச் சால்கைண்ட் விதி என்றே சொல்வார்கள். எனவே இரண்டு பாகம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டார்டன்யானுக்கு நிஜமாகவே 18 வயதுப் பையனைப் போட்டால் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். ஒரு வருட இடைவெளியில் முகம் மாறிவிடும்.

வாள்முனை:
குதிரை ஓட்டத் தெரியுமா என்ற சோதனையைப் பணியாள் வேடங்களுக்கும் வையுங்கள். காமெடி வேடம்தானே என்று டார்டன்யானின் பணியாள் பிளான்ஷேயை விட்டுவிடுவார்கள். 1973 படத்தில் அந்த வேடத்தில் நடித்த ராய் கின்னியர் 1988 செப்டம்பரில், அடுத்த தொடர்ச்சிப் படத்துக்காக டொலேடோவில் எடுக்கும்போது குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். கல் பாவிய பாலத்தில் ஓட்டம் என்றால், தேறாதவருக்கு டூப். க்ளோசப்பை நிற்கும் குதிரையில் எடுத்துக்கொள்ளலாம்.