தட்டை விட்டுப் பிரிந்தும் சாகாத எம்.சி.எஃப்-7: எந்தப் புரதத்தைப் பார்ப்பது?

கேள்வி:
மார்பகப் புற்றுசெல்கள் கட்டியை விட்டுப் பிரிந்து ரத்தத்தில் மிதக்கும்போது அனோய்கிஸில் (பிடிப்பு இழந்த செல் தானே சாவது) சாகாமல் தப்புவது எப்படி என்று பார்க்க, செல் ஒட்டாதபடி பாலி-ஹீமா பூசிய தட்டில் எம்.சி.எஃப்-7, எம்.டி.ஏ-எம்.பி-231 (இனி 231) என்ற புற்றுசெல் வகைகளையும், ஒப்பீட்டுக்குப் புற்றில்லாத எம்.சி.எஃப்-10ஏவையும் (இனி 10ஏ) 48 மணி நேரம் மிதக்கவிட்டோம். செல்லைச் சாகடிக்கும் நொதிகளை அளக்கும் கேஸ்பேஸ் 3/7 கிட்டில் எம்.சி.எஃப்-7 ஏறக்குறைய பூஜ்யம், 10ஏ உச்சம். ஆனால் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) மூன்றிலுமே சரிகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டும் இ-கேடரின் புரதம் தொலைந்தால்தான் புற்று பரவும் என்பார்கள். அது நிறைய உள்ள எம்.சி.எஃப்-7 எப்படித் தாக்குப்பிடிக்கிறது? வெஸ்டர்னில் (புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) எதை முதலில் ஓட்டலாம்?

பதில் 1:
முதலில் கிட்டை நம்புவதை நிறுத்துங்கள். எம்.சி.எஃப்-7இல் கேஸ்பேஸ்-3 மரபணுவின் 3ஆம் எக்ஸானில் 47 பேஸ் விடுபட்டிருக்கிறது. அந்தப் புரதமே அதில் இல்லை. நீங்கள் பார்த்தது கேஸ்பேஸ்-7 மட்டும். அதை வைத்து "எதிர்ப்பு" என்று எழுதவே கூடாது. டிஎன்ஏவைச் செப்பனிடும் பார்ப் புரதம் வெட்டுப்பட்டு 89 கிலோடால்டன் துண்டு வருகிறதா என்று பாருங்கள், கேஸ்பேஸ்-7 அதையும் வெட்டும். கூடவே சாகும் செல்லை நிறமேற்றிக் காட்டும் அனெக்சின்-பிஐ. செல்களைப் பிரிக்கும் ட்ரிப்சினில் அதிக நேரம் விட்டால் சவ்வு கிழிந்து, உயிருள்ள செல்லும் அனெக்சின் ஏற்றிக்கொள்ளும்.

ஏடிபி சரிவும் சாவுக்கு அடையாளம் அல்ல. பிடிப்பு போனதும் செல் குளுக்கோஸ் உறிஞ்சுவது குறைகிறது, ஆக்சிஜன் தீவிரங்கள் கூடுகின்றன. செல் உயிரோடு பட்டினி கிடக்கிறது. எர்ப்-பி2 (ஒரு வளர்ச்சி ஏற்பி) மிகுந்த செல்களில் இந்த உறிஞ்சல் மீள்கிறது என்று 2009லேயே காட்டிவிட்டார்கள். ட்ரைபான் நீலத்தில் உயிருள்ள செல்களின் எண்ணிக்கை எடுத்து ஏடிபியை அதனால் வகுத்துப் பாருங்கள்.

பதில் 2:
வெஸ்டர்னுக்கு முதல் புரதம், சாவைத் தூண்டும் பிம். 10ஏ செல் ஒட்டியிருக்கும்போது இன்டெக்ரினும் (பிடிப்பை உணரும் ஏற்பி) இஜிஎஃப்ஆரும் (வளர்ச்சி ஏற்பி) எர்க் என்ற நொதியை இயக்கிவைக்கும். எர்க் பாஸ்பேட் ஏற்றிய பிம்-இஎல் (பிம்மின் நீள வடிவம்), புரதங்களைச் சிதைக்கும் ப்ரோட்டியசோமில் அழியும். பிடிப்பு விட்டால் இஜிஎஃப்ஆரே குறைகிறது, எர்க் தணிகிறது, பிம் குவிந்து பாக்ஸ், பாக் புரதங்களைத் தூண்டி மைட்டோகாண்ட்ரியாவைத் துளைக்கிறது.

231இல் எர்க்கை இயக்கும் கே-ராஸ், பி-ராஃப் இரண்டும் பிறழ்ந்தவை. இன்டெக்ரின் பேசாவிட்டாலும் எர்க் ஓடிக்கொண்டே இருக்கும். எம்.சி.எஃப்-7இல் பிஐ3கே பிறழ்ந்திருப்பதால் பொறுப்பு அது இயக்கும் ஏக்டி நொதிக்கு; ஏக்டி, பிம் மரபணுவை எழுதவைக்கும் ஃபாக்சோ3ஏவை உட்கருவுக்கு வெளியே தள்ள, பிம் எழுதப்படுவதே குறைகிறது. ஆக 0, 6, 24, 48 மணிகளில் பாஸ்போ-எர்க், பாஸ்போ-ஏக்டி, பிம், எம்சிஎல்-1 (சாவைத் தடுக்கும் புரதம்) என்று ஓட்டுங்கள். லைசிஸ் கரைசலில் பாஸ்பட்டேஸ் தடுப்பான் மறந்தால் எல்லாம் வீண். பிம்-இஎல் 23 கிலோடால்டன் அருகே வரும். பாஸ்பேட் ஏறியது சற்று மேலே நிற்கும். அந்த இரட்டைப் பட்டையை ஒரே பட்டையாக எண்ணிவிடாதீர்கள். எர்க் பாதையைத் தடுக்கும் யு0126 10 மைக்ரோமோலார் சேர்த்த கட்டுப்பாடும் வையுங்கள். 231இல் பிம் எழுந்தால் காரணம் எர்க்தான்.

பதில் 3:
இ-கேடரின் விஷயத்தில் பாடநூல் பாதிதான் சொல்கிறது. ஊடுருவலுக்கு அதன் இழப்பு உதவும். ஆனால் டக்டல் (பால்நாள) புற்று மாதிரிகளில் அதை நீக்கினால் செல்கள் நன்றாக ஊடுருவினாலும் வழியிலேயே மடிகின்றன: டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையும் ஆக்சிஜன் தீவிரங்களும் கூடிக் கொல்கின்றன. டிஜிஎஃப்-பீட்டா ஏற்பியைத் தடுத்தால் பிழைக்கின்றன (2019). ரத்தத்தில் கொத்தாக மிதக்கும் செல்கள் தனிச்செல்லைவிட 23 முதல் 50 மடங்கு பரவும் திறன் கொண்டவை. அந்தக் கொத்தைக் கட்டிப்போடுவதில் பிளாக்கோகுளோபின் என்ற ஒட்டுப்புரதத்துக்குப் பங்குண்டு (2014). லோபுலர் (பால்சுரப்பி மடல்) வகை வேறு கதை. அதில் பெரும்பாலும் இ-கேடரின் இல்லை; அதனோடு இணைந்திருக்க வேண்டிய பி120 புரதம் சைட்டோபிளாசத்தில் அலைந்து, ராக்-1 (ROCK1) நொதி வழியே செல்லைக் காக்கிறது.

நடைமுறைக்கு வந்தால், உங்கள் எம்.சி.எஃப்-7 தட்டில் கொத்தாகத்தான் கிடக்கும். நுண்ணோக்கியில் பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் அளந்தது பிடிப்பின்றித் தவிக்கும் தனிச்செல்லை அல்ல, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதை. செல்கள் கொத்தாகாதபடி ஊடகத்தைக் கெட்டியாக்கும் 0.5% மீத்தைல்செல்லுலோஸ் கலந்து ஒரு தொகுதி, அது இல்லாமல் ஒரு தொகுதி போடுங்கள். எடுக்கும்போது பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊற்றி நன்கு நீர்க்கவைக்காவிட்டால் செல்கள் மையவிலக்குச் சுழற்சியில் கீழே இறங்காது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவால் மட்டும் பிரித்துப் பயனில்லை, ஊடகத்தின் கால்சியம் பட்டதும் இ-கேடரின் மறுபடி ஒட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்:
கொத்துதான், பெரும்பாலானவற்றில் பத்துக்கு மேல் செல்கள். சில குழிகளின் ஓரத்தில் 231 ஒட்டிப் பரந்தும் இருக்கிறது.

பதில் 2:
அது பூச்சுக் கோளாறு. பாலி-ஹீமாவை 95% எத்தனாலில் மி.லி.க்கு 20 மி.கி. வீதம் முழுதாகக் கரைத்து, தட்டைச் சமமாக வைத்து, மூடியைத் திறந்தே உலரவிடுங்கள். சாய்ந்தால் ஒரு ஓரம் வெறுமையாகும், செல் அங்கே போய் ஒட்டும். செல் இடுமுன் பிபிஎஸில் இருமுறை கழுவுங்கள்; மிச்ச எத்தனாலே 10ஏவைக் கொன்றுவிடும். அந்தக் குழிகளின் எண்களைச் சேர்க்காதீர்கள்.