ஜோ ஹால்டெமனின் அறிவியல் புனைகதை நாவல் ‘தி ஃபாரெவர் வார்’: உங்களை இன்னும் உறுத்தும் பக்கம் எது?

பழையபேப்பர்:
நாயகன் மண்டெல்லா விண்வெளிப் போரிலிருந்து பூமிக்குத் திரும்பும் இடம். போரில் அவனுக்கு ஓடியது ஓரிரு வருஷம், ஊருக்குக் கால் நூற்றாண்டு. அம்மா எழுபதைத் தாண்டிவிட்டார். அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருக்கும் மருத்துவ முன்னுரிமை பூஜ்யம். இதைப் படித்தபோது ஒரு மருத்துவமனையில் என் அம்மாவோடு 61-ஆம் நம்பர் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டேன். “ஏன்டா, கதை நல்லா இல்லையா?” என்றார். கொலாப்ஸர் என்னும் கருந்துளைக்குள் பாய்ந்தால் வருஷங்கள் பறக்கும் என்ற கற்பனைக்காக வாங்கிய புத்தகம்.

மொட்டைமாடி:
சின்னத் திருத்தம். கொலாப்ஸர் பாய்ச்சலுக்கு நேரமே ஆகாது. அதுவரை போய்ச் சேர ஒளிவேகத்தை ஒட்டி ஓடுகிறார்களே, வருஷங்களைத் தின்பது அந்த ஓட்டம். 99 சதவீத ஒளிவேகத்தில் கப்பலுக்கு 1 வருஷம் என்றால் பூமிக்கு 7. எதிரே வரும் டாரன்களின் (எதிரிகளான வேற்றுக்கிரகவாசிகள்) கப்பல் எந்தக் காலத்தில் கிளம்பியது என்றே தெரியாது. அதன் ஆயுதம் நம்முடையதைவிடப் பல தலைமுறை புதிதாக இருக்கலாம். ராத்திரி ஒரு மணிக்கு இது உறைத்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவன் சொம்போடு நின்றுவிட்டேன்.

அப்புறம், டோக்கனுக்குக் காலை ஆறரைக்கே ஒருவர் போய்விட வேண்டும். பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் கையில் பிஸ்கட் இருக்கட்டும். ஃபேனுக்கு நேர்கீழே உட்கார வைக்காதீர்கள்.

செம்பருத்தி:
எனக்கு இந்தப் புத்தகத்தின்மேல் கோபம்தான். பட்டாளத்தில் பெண்களும் சண்டை போடுகிறார்கள், சரி. ஆனால் யார் யாரோடு படுப்பது என்பதற்குப் பட்டியல். பெண் சிப்பாய்கள் இணங்கிப்போவது வழக்கம், சட்டமும் அதுதான். இதை மண்டெல்லா போகிற போக்கில் சொல்கிறான். நையாண்டியோ என்று ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஹால்டெமன் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பியவர். போரின் அபத்தம் அவருக்கு அத்துப்படி. ஹ்யூகோ, நெபுலா விருதுகள் அதற்கென்றால் சரிதான். இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

நடுப்பக்கம்:
1974 புத்தகம், அந்தக் காலம் அப்படி என்று செம்பருத்திக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். பழையபேப்பர், உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு? பூமிப் பகுதி ரொம்ப இருட்டு என்று ‘அனலாக்’ பத்திரிகை ஆசிரியர் பென் போவா மறுத்ததால் ஹால்டெமன் வேறு ஒன்று எழுதிக் கொடுத்தார். மூலம் பல வருஷம் கழித்துத்தான் புத்தகத்துக்குள் வந்தது. நான் பழைய பிரதியைப் படித்து, ‘சுமார்’ என்று நண்பனிடம் திருப்பிக் கொடுத்தவன். இன்னொன்று, ‘ஃபாரெவர் பீஸ்’ இதன் தொடர்ச்சி இல்லை, ‘ஃபாரெவர் ஃப்ரீ’தான். அதையும் வாங்காதீர்கள். மண்டெல்லாவின் காதலி மேரிகேயின் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழையபேப்பர்:
பதிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். மொட்டைமாடி, ஆறரைக்கே போய்தான் 61.