முடியாத ஆட்டம்: இப்போதைய கேம்களைக் கீழே வைக்க முடியவில்லையே, உங்கள் அனுபவம் என்ன?

பாளையங்கோட்டைக்காரன்

2000களின் நடுவில் ஒரு பிளேஸ்டேஷன் கடை வைத்திருந்தேன். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன் 2, மணிக்கு இருபது ரூபாய். டிவிடி எல்லாம் பர்மா பஜாரில் வாங்கியவை, அதைப் பற்றி இப்போது யாரும் கிளற வேண்டாம். அந்தத் தொழிலில் எனக்கு இருந்த பெரிய தலைவலி, பையன்கள் கேமை முடித்துவிடுவார்கள் என்பதுதான். எட்டு எம்பி மெமரி கார்டை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள், விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். கடைசி மிஷன் முடிந்து திரையில் பெயர்கள் ஓடும், எழுந்து போய்விடுவார்கள். புது டிவிடி வரும்வரை அந்த முகத்தைப் பார்க்க முடியாது. வராதவனை வரவைக்க என்னிடம் ஒரு வழியும் கிடையாது.

இப்போது அக்கா மகன் போனில் ஒரு துப்பாக்கி கேம் ஆடுகிறான். "எப்படா முடியும்?" என்று கேட்டேன். "முடியாது மாமா, சீசன்தான் முடியும்" என்றான். சீசன் முடிந்தால் ரேங்க் இறங்கிவிடுமாம், முதலிலிருந்து ஏற வேண்டுமாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அன்றைக்கு கேம் செய்தவனுக்கு டிவிடி விற்ற அன்றே காசு வந்துவிட்டது (என் கடையிலிருந்து போகவில்லை, சரி). நீங்கள் இரண்டு நாளில் முடித்தாலும் இரண்டு வருஷம் இழுத்தாலும் அவனுக்கு ஒன்றுதான். இப்போது கேம் இலவசம். நீங்கள் உள்ளேயே இருந்தால்தான் வருமானம். அப்புறம் அவன் எதற்கு முடிவு வைக்கப்போகிறான்?

உங்கள் வீட்டிலோ கையிலோ நடந்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம்.

லெவல் போடுறவன்

பெங்களூரில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் சில வருஷம் இருந்தேன், பெயர் வேண்டாம். புதிர் கேமுக்கு லெவல் போடுவது என் வேலை.

காலை மீட்டிங்கில் முதலில் வருவது ரிட்டென்ஷன். இன்ஸ்டால் செய்தவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்பினார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர். கேம் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான், நேரம் இருந்தால். ஒரு லெவலில் நிறைய பேர் ஆப்பை அழித்துவிட்டுப் போகிறார்கள் என்றால் அதைக் கொஞ்சம் இளக்குவோம். யாருமே தோற்காத லெவலையும் சும்மா விடமாட்டோம், இறுக்குவோம். ஆடுகிறவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஒரு மாதிரி, மறுபாதிக்கு வேறு மாதிரி காட்டுவோம். எது அதிகம் பேரைத் திரும்ப இழுத்து வருகிறதோ, அடுத்த அப்டேட்டில் அது எல்லோருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் போனில் அதே லெவல் வேறு மாதிரி இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பலர் கவனிக்காத ஒன்று, ஆடவிடாமல் நிறுத்துவது. 2012இல் வந்த கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும், போனது ஒன்று திரும்ப வர அரை மணி நேரம் ஆகும். நம் நன்மைக்குத் தடுப்பது போலத்தான் தெரியும். ஆனால் வயிறு நிறைவதற்கு முன் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டால் மனசு இலையிலேயேதான் கிடக்கும். இஷ்டத்துக்கு ஆடவிட்டால் சலித்துப்போய் அழித்துவிடுவார்கள். அதற்கும் முன்பு, 2009இல், ஃபார்ம்வில் வேறு விதமாக இழுத்தது. நட்டதைச் சரியான நேரத்தில் வந்து அறுக்காவிட்டால் வாடிவிடும். ஆபீஸ் நேரத்தில் பேஸ்புக்கில் கத்திரிக்காய் அறுத்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

காசு போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் சும்மா ஆடுகிற கூட்டம் இல்லாவிட்டால், காசு கொடுத்து ஸ்கின் (கேரக்டருக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்காரத் தோற்றம்) வாங்கியவர் அதை யாரிடம் காட்டுவார்? அதனால் சும்மா ஆடுகிறவரையும் போகவிடுவதில்லை. 2017இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. புதிதாக வந்தவரை, விலை கொடுத்து வாங்கிய ஆயுதத்தோடு இருக்கும் தேர்ந்த ஆட்டக்காரரோடு சேர்த்துவிட்டு, தானும் வாங்க வேண்டும் என்ற ஆசையைக் கிளப்புவதற்கான ஏற்பாடு அது. எந்த கேமிலும் இதைப் பயன்படுத்தவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். இருக்கட்டும். இந்த மாதிரி யோசனைகளை நாங்கள் டீ குடித்துக்கொண்டே பேசியிருக்கிறோம், யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

சும்மா ஒருத்தன்

எல்லாம் சரி, ஆனால் பழைய காலம் அவ்வளவு யோக்கியம் இல்லை. எண்பதுகளின் ஆர்கேட் மெஷின்கள் காசு விழுங்கத்தான் செய்யப்பட்டவை. இரண்டு நிமிஷத்தில் சாக வேண்டும், அடுத்த நாணயம் போட வேண்டும், அதற்காகவே அவ்வளவு கஷ்டமாக வைத்தார்கள். டெட்ரிஸுக்கும் முடிவு கிடையாது, நோக்கியா பாம்புக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அப்போது நம்மை யாரும் அடிமை என்று சொல்லவில்லை. போனில் பேலன்ஸே கிடையாது, பாம்பையாவது ஆடுவோம் என்றுதான் இருந்தோம். நம் ஊரில் எல்லாம் மாறியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா சல்லிசான பிறகு. கேமை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி?

பாளையங்கோட்டைக்காரன்

நாணயம் போடுகிற மெஷினுக்கு நான் யார் என்று தெரியாதே. நேற்று நான் எந்த இடத்தில் எரிச்சலாகி எழுந்து போனேன் என்று அதற்குக் கணக்கு இல்லை. ஜியோ விஷயம் ஒத்துக்கொள்கிறேன்.

ரத்தினபுரி அம்மா

2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக மகனுக்குப் போன் வாங்கினோம். அப்போது எட்டாவது. "சாப்பிட வாடா" என்றால் "ரவுண்ட் நடக்குதும்மா" என்பான். தினமும் சண்டை. ஒரு நாள் சரி, என்னதான் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

என் அண்ணன் சின்ன வயதில் மேரியோ ஆடுவான். அம்மா கூப்பிட்டால் பாஸ் போட்டு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு வருவான், சாப்பிட்டுவிட்டுப் போய்த் தொடர்வான். மகன் ஆடுகிற கேமில் பாஸ் கிடையாது. நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள், ஒரு ரவுண்டு அரை மணி நேரம்கூடப் போகிறது. நடுவில் எழுந்தால் இவன் ரேங்க் போவது ஒருபக்கம், கூட ஆடும் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். அந்த மூன்று பேரும் யாரென்றால் இவன் வகுப்புப் பையன்கள். பள்ளிக்கூடம் இல்லை, தெருவில் விளையாட விடவில்லை, அவர்கள் பேசிச் சிரிக்கிற இடமே அந்த ஹெட்செட்தான். போனைப் பிடுங்கினால் அவன் எதற்காக அப்படிக் கத்துகிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்களைத் தடை செய்தது. அப்பாடா என்று இருந்தது. நான்கு பேரும் பேசி வைத்துக்கொண்டு வேறு கேமுக்குப் போய்விட்டார்கள்.

"எட்டு மணிக்கு வைத்துவிட வேண்டும்" என்று சொல்வதை விட்டுவிட்டு "இந்த ரவுண்டோடு சரி" என்று சொல்ல ஆரம்பித்தேன். சண்டை பாதியாகக் குறைந்தது. இப்போது கல்லூரியில் இருக்கிறான். இன்னும் ஆடுகிறான், அவ்வளவாக இல்லை.

தொண்ணூறாவது விஷ்

நான் கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறேன். 2020இல் வந்தது. விதி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. கேரக்டருக்காக ஒருமுறை குலுக்குவதுதான் ஒரு விஷ். ஐந்து நட்சத்திர கேரக்டர் கிடைக்க ஒரு விஷ்ஷுக்கு 0.6 சதவீத வாய்ப்பு. தொடர்ந்து வராவிட்டால் 90ஆவது விஷ்ஷில் கட்டாயம் ஒன்று வரும். ஆனால் அது நீங்கள் கேட்டவராக இருக்க ஏறக்குறைய பாதி வாய்ப்புதான். தவறினால் அடுத்த முறை உறுதி. ஒரு விஷ்ஷுக்கு 160 பிரிமோஜெம்.

எழுபதைத் தாண்டிப் போனவனிடம் போய் "நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் இருபதுதானே என்பான். அந்த கேரக்டர் கிடைக்கிற குலுக்கலான பேனரும் மூன்று வாரத்தில் போய்விடும். ரூபாய் கொடுத்தால் ஜெனிசிஸ் கிரிஸ்டல், அதை மாற்றினால் பிரிமோஜெம், அதை மாற்றினால் ஃபேட், அதற்குத்தான் விஷ். இத்தனை கை மாறிய பிறகு ஒரு விஷ் எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டு ஆடுகிறவரை நான் பார்த்ததில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி இதில் கைவைத்தது. நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இந்தக் குலுக்கலை விற்காமல் இருக்கவும் ஒத்துக்கொண்டது. பெல்ஜியம் 2018லேயே காசுக்கு விற்கும் லூட் பாக்ஸை (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டி) சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

நான் காசு போடுவதில்லை, சேர்த்து வைத்து ஆடுகிறேன். கதையும் இசையும் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

திருச்சி டீச்சர்

ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். முதல் பீரியடில் தூங்குகிற பையன்களை எண்ணினால் வகுப்பு நடத்த முடியாது. பெற்றோர் வந்து "அரசாங்கம் நேரக் கட்டுப்பாடு கொண்டுவரக் கூடாதா" என்று கேட்கிறார்கள். தென்கொரியாவில் 2011இல் கொண்டுவந்தார்கள், 16 வயதுக்குக் கீழ் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் கூடாது என்று. போன் கேமுக்கு அது பொருந்தவில்லை, பிள்ளைகள் போனுக்குப் போய்விட்டார்கள், 2021இல் சட்டத்தையே கைவிட முடிவு செய்தார்கள். சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குக் கீழ் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும்தான். இங்கே பாதிப் பையன்களின் கணக்கு அப்பா பெயரில் இருக்கிறது.

லெவல் போடுறவரே, உள்ளே இருந்தவர் நீங்கள். பெற்றோர் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

லெவல் போடுறவன்

டீச்சர், முதலில் நோட்டிபிகேஷனை அணைக்கச் சொல்லுங்கள். பையன் வழக்கமாக எந்த நேரத்தில் திறப்பான் என்று பார்த்துத்தான் அது வரும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்கலாம், அதையும் செய்யட்டும்.

அப்புறம், சீசன் முடியப்போகிற வாரத்தில் போய்ச் சண்டை போட வேண்டாம். பாதி ஏறிய ரேங்க்கும், பாதி முடித்த பேட்டில் பாஸும் (சீசனுக்குள் படிப்படியாக ஆடி வாங்கும் பரிசு வரிசை), காலாவதி ஆகப்போகிற பரிசும் எல்லாம் அப்போதுதான் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். புது சீசன் தொடங்கிய மறுநாள் பேசச் சொல்லுங்கள். ரேங்க் இறங்கியிருக்கும், பையனே கொஞ்சம் சலிப்பில் இருப்பான். நாங்கள் ஆட்களை அதிகம் இழந்ததும் அந்த நாட்களில்தான்.